டெங்குக் காய்ச்சலும் உடலின் காவலும்

கொழும்பிலே மழை பெய்து ஓய்ந்த இரண்டொரு வாரங்களில் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் ஒரே கேள்வி வீட்டுக்கு வீடு எழுவதுண்டு. "பிள்ளைக்குப் போன வருடந்தான் டெங்கு வந்து மாறினது. இனிப் பயமில்லைத்தானே?" என்று தாய்மார் கேட்பார்கள். அவர்கள் அவ்வாறு எண்ணுவதற்குத் தக்க காரணம் இருக்கிறது. சின்னமுத்து ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வருவதில்லை. பொக்குளிப்பானும் பெரும்பாலும் அப்படியே. ஒருமுறை நோயைக் கண்ட உடல் அதனை மறப்பதில்லை என்பது நம் பாட்டிமாருக்கும் தெரிந்த செய்தி. ஆயின் டெங்கு விடயத்தில் இந்தக் கணக்குப் பிழைத்துவிடுகிறது. முதன்முறை இலேசாக வந்து போன காய்ச்சல், இரண்டாம் முறை வரும்போது உயிருக்கே உலை வைக்கக்கூடும். அதற்குக் காரணமாயிருப்பது வேறெதுவுமன்று. உடல் முதன்முறை கற்றுக்கொண்ட பாடமே. இந்த விந்தையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

நமது குருதியிலே பிறபொருளெதிரிகள் என்னும் புரதங்கள் உலவுகின்றன. உடலுக்குப் புறம்பான பொருள் எதுவும் உள்ளே வந்தால், அதன் உருவுக்கு ஏற்றவாறு அமைந்த பிறபொருளெதிரி அதனைப் பற்றிக்கொள்ளும். 1890ஆம் ஆண்டிலே பேரிங் என்ற ஜெர்மானியரும் கித்தசாத்தோ என்ற ஜப்பானியரும் பேர்லினில் இதன் வலிமையை முதன்முதலாகக் காட்டினார்கள். நோய்க்கு ஆளாகித் தேறிய விலங்கின் குருதிநீரை வேறொரு விலங்குக்குச் செலுத்த, அதுவும் காக்கப்பட்டது. அதே காலத்தில் மெச்னிக்கோவ் என்ற ருஷ்ய அறிஞர், உடலைக் காப்பது குருதிநீரன்று, கிருமிகளை விழுங்கும் கலங்களே என்று வாதிட்டார். இரு கட்சியினரும் நெடுங்காலம் வழக்காடினர். 1908ஆம் ஆண்டு நோபெல் பரிசை மெச்னிக்கோவுக்கும், குருதிநீர்க் கட்சியின் தலைவரான ஏர்லிக்குக்கும் பகிர்ந்தளித்து அவ்வழக்கை ஒருவாறு முடித்து வைத்தார்கள். டெங்குவைப் பொறுத்தவரை இருவருமே மெய் சொன்னவர்கள் என்பதைப் பின்னர் காண்போம்.

பிறபொருளெதிரியின் வடிவத்தைச் சற்று மனத்திற் கொள்ளுங்கள். கவண் செய்யச் சிறுவர் வெட்டும் கவைக்கொம்பைப் போன்றது அது. மேலே விரிந்த இரு கிளைகளின் நுனிகளும் கிருமியைப் பற்றுவதற்கானவை. நோய்க்கு நோய் அவை வேறுபடும். கீழேயுள்ள காம்பு ஒரு கைப்பிடி. நமது வெண்குருதிக் கலங்களின் மேற்பரப்பிலே அக்காம்பைப் பிடித்துக்கொள்ளும் கொளுவிகள் உள்ளன. கிளைகள் கிருமியைப் பிடிக்க, காம்பை வெண்குருதிக் கலம் பிடிக்க, கிருமி உள்ளே இழுக்கப்பட்டுச் செரிக்கப்படும். எத்தனையோ நோய்களில் நாம் பிழைத்திருப்பது இந்த ஏற்பாட்டினாலேயே.

இனி டெங்குவுக்கு வருவோம். டெங்கு வைரசு ஒன்றன்று, நான்கு வகை. நான்கும் உடன்பிறந்தார் போல முகச்சாயல் உடையவை. எனினும் ஆள் வேறு. முதலாம் வகையால் காய்ச்சல் கண்டவருக்கு அந்த முதலாம் வகை திரும்ப வராது. மற்ற மூன்றிலிருந்தும் சில மாத காலத்துக்குக் காவல் கிடைக்கும். அதன் பின்னர் அக்காவல் தளர்ந்துபோகும். ஆனால் முதல் வகைக்கென ஆக்கப்பட்ட பிறபொருளெதிரிகள் குருதியில் எஞ்சியிருக்கும். பின்னர் இரண்டாம் வகை வைரசு ஒரு நுளம்பின் வாய்வழி உள்ளே வருகிறதென்று வைத்துக்கொள்வோம். பழைய பிறபொருளெதிரி அதன் முகச்சாயலைக் கண்டு அதனைப் பற்றுகிறது. ஆனால் பிடி சரியாகப் பொருந்தவில்லை. வைரசின் கொட்டம் அடங்கவில்லை. அந்நிலையிலேயே வெண்குருதிக் கலம் காம்பைப் பிடித்து வைரசை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இங்கேதான் கேடு விளைகிறது. டெங்கு வைரசு குடியேறிப் பெருக விரும்பும் இடமே அந்த வெண்குருதிக் கலந்தான். துறைமுகக் காவலர் ஒருவர் கள்ளனைக் கையைக் கட்டாமலே தோளில் பிடித்துத் தம் பொலிஸ் நிலையத்துக்குள் அழைத்துச் சென்றால் என்ன ஆகும்? அவன் அங்குள்ள ஆயுதங்களையெல்லாம் எடுத்துக்கொள்வான். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். மேய்வதற்கு வேலி விரும்பவில்லை. மாட்டுக்கு வாயிலைத் திறந்து விட்டது என்பதே சரி.

இதனை முதலில் ஊகித்தவர்கள் எவ்வாறு ஊகித்தார்கள் என்பது சுவையான கதை. டெங்குவினால் குருதி கசிந்து குழந்தைகள் இறக்கும் கொடிய நோய் 1950களின் நடுவிலே மணிலாவிலும், 1958ஆம் ஆண்டில் பாங்கொக்கிலும் தலைகாட்டியது. 1960களில் பாங்கொக்கில் ஆராய்ந்த ஸ்கொட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க வைத்தியர், நோய் முற்றிய பிள்ளைகளின் வயதைக் கணக்கெடுத்தார். பெரும்பாலோர் இரண்டாம் முறை டெங்கு கண்ட பிள்ளைகள். ஆனால் அவர்களோடு சேராத இன்னொரு கூட்டமும் இருந்தது. ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தைகள்! அவர்களுக்கு அது முதலாவது டெங்கு. அப்படியிருக்க அவர்களுக்கு ஏன் நோய் முற்றவேண்டும்? விடை தாயிடம் இருந்தது. கருவிலிருக்கும்போதே தாயின் பிறபொருளெதிரிகள் குழந்தையின் குருதியில் சேர்கின்றன. பிறந்த முதற் சில மாதங்களில் அவை நிறைய இருப்பதால் குழந்தையைக் காக்கின்றன. ஆறு, ஏழு, எட்டு மாதமாகும்போது அவை குறைந்து, காக்கப் போதாமலும் முற்றாக மறையாமலும் நிற்கின்றன. அந்த இடைப்பட்ட காலமே ஆபத்தான காலம். தாய் கொடுத்த காப்பு அரைகுறையாக எஞ்சுகையில் அதுவே பகையாயிற்று.

ஆய்வுகூடத்திலும் இதற்குச் சான்று கிடைத்தது. 1964ஆம் ஆண்டிலே ஹோக்ஸ் என்பவர், டெங்குவுக்கு உறவான வைரசுகளோடு பிறபொருளெதிரிகளை மிக ஐதாக்கிக் கலந்தபோது, வைரசு குறைவதற்கு மாறாகக் கூடுவதைக் கண்டார். 1970களில் ஹால்ஸ்டெட்டும் அவருடைய கூட்டாளிகளும் டெங்கு வைரசிலும் வெண்குருதிக் கலங்களிலும் அதையே காட்டினார்கள்.

இயற்கையும் ஒரு பரிசோதனை செய்து காட்டியது. கியூபாத் தீவிலே 1977ஆம் ஆண்டில் முதலாம் வகை டெங்கு பரவியது. பெரிய சேதமில்லை. 1981இல் இரண்டாம் வகை வந்தது. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்று 158 பேர் மாண்டனர். பின்னர் நுளம்பை அடக்கி அந்நாட்டார் நெடுநாள் நிம்மதியாயிருந்தனர். 1997இல் சந்தியாகோ நகருக்கு இரண்டாம் வகை மீண்டும் வந்தபோது நோய் முற்றியவர் பெரும்பாலும் வளர்ந்தவர்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் முதலாம் வகையைக் கண்டவர்கள். அதற்குப் பின் பிறந்த பிள்ளைகள் தப்பினார்கள். உடலின் நினைவு இருபது ஆண்டுகளாகியும் மங்கவில்லை.

நம் நாட்டின் நிலை என்ன? இலங்கையிலே டெங்கு குருதிப் பரிசோதனையால் உறுதிப்படுத்தப்பட்டது 1962ஆம் ஆண்டில். 1965, 66இல் ஒரு பரவல் ஏற்பட்டுச் சில உயிர்களைக் கொண்டது. அதன் பின்னர் ஓர் ஆச்சரியமான அமைதி. 1980களின் முற்பகுதியில் கொழும்பு மாணவர்களைச் சோதித்தபோது நான்கு வகை வைரசும் இந்நகரில் உலவுவது தெரிந்தது. இரண்டாம் முறை டெங்கு கண்ட பிள்ளைகளும் இருந்தார்கள். ஆயினும் குருதிப்பெருக்குடன் கூடிய கொடிய நோய் அரிதாகவே இருந்தது. 1989ஆம் ஆண்டிலிருந்துதான் அது ஆண்டுதோறும் வரத் தொடங்கியது. மூன்றாம் வகை வைரசிலே புதியதொரு கிளை அக்காலத்தில் வந்து பழையதன் இடத்தைப் பிடித்தமை பின்னர் அறியப்பட்டது. ஆகவே பழைய பிறபொருளெதிரியே எல்லாக் குற்றத்துக்கும் காரணம் என்று தீர்ப்புக் கூறிவிட முடியாது. வைரசின் குலமும் பார்க்கப்படவேண்டும். பிறபொருளெதிரிக் கொள்கையை ஓதுவோர் கொழும்பின் இந்தச் சாட்சியத்தைச் சில வேளைகளில் மறந்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

2008ஆம் ஆண்டளவில் கொழும்பு நகரில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 800 சிறுவரின் குருதி சோதிக்கப்பட்டது. பாதிக்குச் சற்று மேற்பட்டோரிடம் டெங்குப் பிறபொருளெதிரி காணப்பட்டது. டெங்கு தொற்றியவர்களிற் பெரும்பாலோருக்கு நோய்க்குறியே தோன்றுவதில்லை. அல்லது தடிமன் காய்ச்சல் என்று நினைத்து மறந்துவிடத்தக்க அளவில் தோன்றும். "என் பிள்ளைக்கு இது முதல் டெங்கு" என்று ஒரு தாய் சத்தியம் செய்தாலும், அது முதலாவதுதானா என்பது நிச்சயமில்லை.

இனி மெச்னிக்கோவின் கட்சிக்கு வருவோம். வைரசு வெண்குருதிக் கலத்துள் பெருகுவதோடு கதை முடிந்துவிடுவதில்லை. அதற்குப் பின் கலங்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளே மனிதரைக் கொல்லும் வல்லமை உடையவை. இதை விளங்கவைக்க ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் கொட்டாஞ்சேனையில் எங்கள் உறவினர் வீட்டில் ஒன்பது வயதுப் பையனுக்குக் காய்ச்சல். மூன்று நாட்கள் அனலாய்க் கொதித்தது. நான்காம் நாட் காலை உடம்பு குளிர்ந்தது. வீட்டார் கோயிலுக்கு நேர்ந்த கடனை நினைத்துக்கொண்டார்கள். தகப்பன் வேலைக்குப் புறப்பட்டார். பையன் மட்டும் படுக்கையை விட்டு எழவில்லை. வயிறு நோகிறதென்று முனகினான். கஞ்சி கொண்டுவந்த அம்மம்மா அவன் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ இண்டைக்கு வேலைக்குப் போக வேண்டாம். காய்ச்சல் விட்ட பிள்ளைக்குக் கால் இப்படிச் சில்லிடக் கூடாது" என்றார். "காய்ச்சல்தான் விட்டிட்டுதே, மாமி" என்றார் தகப்பன். "அதுதான் எனக்குப் பயமாயிருக்கு" என்பதே அம்மையாரின் மறுமொழி. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது பையனின் நாடி மெலிந்திருந்தது. இரண்டு நாட்கள் சேலைன் ஏற்றி, மணிக்கு மணி பார்த்து, அவனைக் காப்பாற்றினார்கள். அவன் இப்போது பந்தடித்துத் திரிகிறான். எந்த நிர்ப்பீடனவியல் நூலும் படியாத அந்த மூதாட்டி கண்டது இந்நோயின் மையமான உண்மையை.

அது என்னவெனில், டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே கண்டம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் அது வரும். அப்போது குருதியிலுள்ள வைரசு குறைந்துகொண்டிருக்கும். நோயாளி மட்டும் வீழ்வார். வைரசு போகும் வேளையில் ஆள் வீழ்வதானால், வீழ்த்துவது வைரசு மாத்திரமன்று என்பது வெளிப்படை. வைரசைக் கண்டு கிளர்ந்த கலங்கள் ஒன்றையொன்று கூவி அழைக்கும் இரசாயனச் செய்திகளே மயிர்த்துளைக்குழாய்களின் சுவர்களை இளகச் செய்கின்றன. அச்சுவரின் கலங்கள் ஓடு வேய்ந்ததுபோல் நெருங்கி நிற்பவை. செய்தி சென்றதும் அவை விலகுகின்றன. குருதியின் நீர்ப்பகுதி நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் கசிந்து தேங்குகிறது. குழாய்க்குள்ளே எஞ்சும் குருதி தடித்துப்போகிறது. கைகால் குளிர்வதும் நாடி மெலிவதும் இதனாலேயே.

இந்தச் செய்திகளுள் எது முதன்மையானது? இக்கேள்வியை எடுத்துக்கொண்டு உழைப்போருள் ஒரு கூட்டத்தார் வெள்ளவத்தையிலிருந்து சில மைல் தொலைவிலேயே இருக்கிறார்கள். நுகேகொடைக்கு அருகே கங்கொடவிலையில் உள்ள ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியை நீலிகா மாளவிகேயும் அவருடைய குழுவினரும் பல்லாண்டுகளாக இதனை ஆராய்ந்து வருகின்றனர். ஒக்ஸ்போட்டில் நிர்ப்பீடனவியல் பயின்றவர் அவர். களுபோவிலை வைத்தியசாலையிலும் அங்கொடைத் தொற்றுநோய் வைத்தியசாலையிலும் படுத்திருக்கும் நோயாளரே அவர்களுடைய ஆராய்ச்சிக்கு ஆதாரம். ஒருமுறை குருதி எடுத்துப் பார்ப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நோயின் போக்கிலே திரும்பத் திரும்ப எடுத்து, எச்செய்தி எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று பார்த்தார்கள். இச்செய்திகள் சில மணி நேரத்தில் தோன்றி மறைபவை. ஆகையால் இம்முறை இன்றியமையாதது.

அவர்கள் கண்டவற்றுள் இரண்டைச் சொல்கிறேன். இன்டர்லூக்கின் பத்து என்பது ஒரு செய்திப் புரதம். "போதும், அடங்குங்கள்" என்று காவற் கலங்களுக்குச் சொல்லும் கடிவாளம் அது. நோய் முற்றியவரிடம் அது மிகுந்திருந்தது. அதன் ஆட்சியில், வைரசு குடிகொண்ட கலங்களைத் தேடி அழிக்கவேண்டிய ரீ கலங்கள் செயல் குன்றிக் கிடந்தன. பிறபொருளெதிரியின் முதுகிலேறி வைரசு உள்ளே நுழையும்போது வெண்குருதிக் கலம் இதே கடிவாளச் செய்தியை வெளியிடுவதை வேறு நாட்டு ஆய்வுகளும் காட்டியிருந்தன. ஆகவே அரைகுறைப் பிறபொருளெதிரி கதவைத் திறப்பதோடு காவலரை உறங்கவும் வைக்கிறது எனலாம்.

மற்றையது, குருதிச் சிறுதட்டுகளைத் தூண்டும் காரணி என்று பெயர்பெற்ற ஒரு கொழுப்புப் பொருள். நோய் முற்றியவரின் குருதியில் அது உயர்ந்து நின்றது. அவர்களின் குருதிநீரை, ஆய்வுகூடத்தில் வளர்த்த குழாய்ச் சுவர்க் கலங்களின் மேல் இட்டபோது கலங்களுக்கிடையிலான பிணைப்புத் தளர்ந்தது. அக்காரணியைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்திட்டபோது அத்தளர்ச்சி குறைந்தது. இக்காரணியைத் தடுக்கும் மருந்தொன்று, ரூபட்டடீன் என்ற பெயரில், தும்மலுக்கும் தோற்றடிப்புக்கும் கொடுக்கப்படும் சாதாரண வில்லையாக ஏற்கெனவே இருந்தது. அதை டெங்கு நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்த முதற்கட்ட ஆய்வு 2018இல் வெளியாயிற்று. சில நல்ல அறிகுறிகள் தென்பட்டன; ஆனால் நோய் முற்றுவதை அது தடுக்கும் என்று அந்தச் சிறிய ஆய்வு நிறுவவில்லை. கடைக்குப் போய் அவ்வில்லையை வாங்கி விழுங்கிவிடலாம் என்று நேயர்கள் யாரும் முடிவு செய்யவேண்டாம். டெங்குவைத் தீர்க்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை.

தடுப்பூசியின் கதையிலும் இந்தப் பிறபொருளெதிரியே குறுக்கே நிற்கிறது. 2016ஆம் ஆண்டு பிலிப்பைன்சிலே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு புதிய தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டாயிற்று. 2017 நவம்பரில் அதை ஆக்கிய நிறுவனமே ஓர் உண்மையை அறிவித்தது. முன்னர் டெங்கு கண்ட பிள்ளையை அவ்வூசி காக்கிறது; ஒருபோதும் காணாத பிள்ளைக்கு அது முதலாவது டெங்குவைப்போல் வேலை செய்து, பின்னர் வரும் மெய்யான டெங்குவைக் கொடியதாக்கக்கூடும். நாடு கொதித்தெழுந்தது; திட்டம் நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் அங்கே பெற்றோர் சின்னமுத்துத் தடுப்பூசிக்கும் அஞ்சத் தலைப்பட்டமை இன்னும் வருந்தத்தக்கது. அதே ஆண்டில் நிக்கராகுவாவின் மனாகுவா நகரச் சிறுவரைப் பல்லாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று, பிறபொருளெதிரி மிகுந்தவர் காக்கப்படுவதையும், இடைப்பட்ட ஓர் அளவில் உள்ளவரே பேராபத்தில் நிற்பதையும் எண்களால் காட்டியது. ஹால்ஸ்டெட் கைக்குழந்தைகளிடம் கண்டது அதுவேயன்றோ! பின்னர் வந்த வேறொரு தடுப்பூசியை, டெங்கு மிகுந்த இடங்களில் ஆறு முதல் பதினாறு வயதுச் சிறுவருக்குக் கொடுக்கலாமென்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசகர்கள் 2023இல் பரிந்துரைத்தனர். நான்கு வகைக்கும் அது ஒரே அளவில் காவல் தருமா என்பதை ஆராய்ச்சியாளர் கூர்ந்து கவனித்தே வருகின்றனர்.

அதுவரை நம் கையில் இருப்பது வைத்தியரின் விழிப்பும் வீட்டாரின் விழிப்பும். அது சிறிய காரியமன்று. 2009ஆம் ஆண்டில் இந்நாட்டில் 35,000 பேருக்குமேல் டெங்கு கண்டு 346 பேர் இறந்தனர்; நூற்றுக்கு ஒருவர் வீதம். 2017இல் 186,000 பேர் வரை நோயுற்றனர். இறந்தோர் நானூற்றுச் சொச்சம். நோயாளர் தொகை ஐந்து மடங்காகப் பெருகியபோதும் இறப்பு வீதம் காற்பங்காகக் குறைந்ததற்கு, கசிவு தொடங்கும் மணியைக் கண்டறிந்து நீரை அளந்து ஏற்றக் கற்றுக்கொண்ட நம் வைத்தியர்களும் தாதியர்களும் காரணர். நீர் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. கசிந்த நீர் பின்னர் குழாய்க்குள் திரும்பும்போது மூச்சை அடைக்கும்.

ஆகவே அந்தத் தாய்க்கு நான் சொல்வது இதுதான். அம்மா, பயமில்லை என்று சொல்லமாட்டேன். இன்னும் மூன்று வகை மீதி உண்டு. காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். உரிய அளவில் பரசிட்டமோல் தவிர, அஸ்பிரின், இபுபுரூபன் போன்ற வலிநீக்கி எதையும் கொடுக்கவேண்டாம். மூன்றாம் நாள் குருதியைச் சோதியுங்கள். சிறுதட்டு எண்ணிக்கை ஒன்றையே பார்த்துக்கொண்டு, பப்பாசியிலைச் சாற்றை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். கசிவைக் காட்டுவது குருதி தடித்திருக்கும் அளவு. காய்ச்சல் விட்ட அன்று பிள்ளை சலம் கழித்ததா, வயிறு நோகிறதென்கிறதா, ஓயாது சத்தியெடுக்கிறதா, சோர்ந்து உறங்குகிறதா என்று பாருங்கள். பாதத்தைத் தொட்டுப் பாருங்கள். இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் அந்த நேரமே வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள்.

இன்னொன்று. வெள்ளவத்தைக் கால்வாயைக் காட்டி மாநகரசபையை ஏசுவோர் பலர். அக்கால்வாயின் அழுக்கு நீரில் பெருகுவது வேறு நுளம்பு. டெங்கு நுளம்பு தெளிந்து தேங்கிய நீரையே நாடும். அடுக்குமாடியின் கூரைப் பீலி, மூடியில்லாத நீர்த்தாங்கி, படத்தின் முன் வைத்த பூச்சாடி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவை அது முட்டையிடும் இடங்கள். அவற்றிலுள்ள நீரை வாரத்துக்கு ஒருமுறை கொட்டி, பாத்திரத்தின் ஓரங்களைத் தேய்த்துக் கழுவவேண்டும். முட்டை ஒட்டியிருப்பது ஓரத்தில்.